அணியின் பெயரைச் சொன்ன பிறகு: செய்யுள் நயம் காண மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

'இக்குறளில் பயின்று வந்துள்ள அணி யாது?' என்று தேர்வில் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் சரியாக எழுதிவிடுகிறார்கள். அணியின் பெயர், மனப்பாடம் செய்த இலக்கணம், 'எனவே இஃது உவமையணி ஆயிற்று' என்ற முடிப்பு. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. 'அந்த உவமை இல்லாமல் இதே கருத்தைச் சொல்லியிருந்தால் எதை இழந்திருப்போம்?' என்று அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்கள். வகுப்பே அமைதியாகிவிடும்.

இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கேள்விக்காக எழுதப்பட்டது. பெயர்கள் வேண்டும்தான். பெயர் தெரியாவிட்டால் நாம் பார்த்ததைப் பிறருக்குச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் பெயரைச் சொன்ன இடத்தில் நின்றுவிட்டால் பாட்டின் வாசலிலேயே நின்றுவிட்டோம் என்று பொருள். கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். முதல் இரண்டு படிகள் காதுக்கு, மற்றவை கருத்துக்கு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: இரண்டு விதமாக வாய்விட்டுப் படியுங்கள்

முதலில் அச்சில் உள்ளபடியே, சீர் சீராகப் படியுங்கள் (அச்சில் இடைவெளி விட்டுப் பிரித்த ஒவ்வொரு துண்டும் ஒரு சீர்). பொருள் தேடாதீர்கள்.

பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்.

'அடிசேரா தார்' என்று சொல் நடுவில் உடைந்து நிற்கிறதே என்று குழம்ப வேண்டாம். ஓசைக்காகப் பிரித்த பிரிப்பு அது. அடுத்து சந்தி பிரித்துப் படியுங்கள்: 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர், நீந்தார், இறைவன் அடி சேராதார்.' முதல் வாசிப்பில் பாட்டின் நடை காதில் விழுகிறது, இரண்டாவதில் பொருள் பிடிபடுகிறது. சந்தி பிரித்த வடிவத்தை மட்டும் படிப்பவருக்குத் தொடை நயம், அதாவது சீர்களும் அடிகளும் ஒன்றோடொன்று தொடுக்கப்படும் அழகு, கண்ணில் படவே படாது. சீர் பிரித்த வடிவத்தை மட்டும் படிப்பவர் பொருளில் தடுமாறுவார்.

படிக்கும்போது நாக்கு எங்கே தானாக அழுத்துகிறது, எங்கே நீள்கிறது, எங்கே ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது என்று பென்சிலால் கோடிடுங்கள். அந்தக் கோடுகள்தான் அடுத்த படிக்கு மூலப்பொருள்.

படி 2: தொடை நயத்தைப் பிடியுங்கள்

சீர்களின் முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. இது எல்லோருக்கும் தெரியும். மாணவர்கள் சறுக்குவது இதற்குள் இருக்கும் இரண்டு நுட்பங்களில்.

எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதல் எழுத்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'பட்டு – கட்டு' எதுகை. 'பாட்டு – கூட்டு' எதுகை. 'பட்டு – பாட்டு' எதுகை ஆகாது. படித்துப் பார்த்தால் ஓசை இடறுவது காதுக்கே தெரியும்.

மோனையிலோ அதே எழுத்துதான் வரவேண்டும் என்பதில்லை, அதன் இன எழுத்தும் வரலாம். அ, ஆ, ஐ, ஔ ஒரு குழு. இ, ஈ, எ, ஏ ஒரு குழு. உ, ஊ, ஒ, ஓ ஒரு குழு. மெய்களில் ச–த, ஞ–ந, ம–வ ஆகியவை தமக்குள் மோனையாகும். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்ற அடியில் மோனை எங்கே என்று தேடுபவர்கள் முதல் சீரின் 'அ'வையும் நான்காம் சீரின் 'ஆ'வையும் பார்க்கத் தவறுவது இதனால்தான்.

நாற்சீர் அடிக்குள் இவை எந்தெந்தச் சீர்களில் வருகின்றன என்பதை வைத்து ஏழு பெயர்கள் உண்டு. 1, 2 ஒன்றினால் இணை. 1, 3 பொழிப்பு. 1, 4 ஒரூஉ. 1, 2, 3 கூழை. 1, 3, 4 மேற்கதுவாய். 1, 2, 4 கீழ்க்கதுவாய். நான்கும் ஒன்றினால் முற்று. எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பெயர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இப்போது குறள் 391ஐ எடுத்துக்கொள்வோம்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

முதல் அடியின் நான்கு சீரும் 'க'வில் தொடங்குகின்றன: முற்று மோனை. முதல், மூன்றாம், நான்காம் சீர்களில் இரண்டாம் எழுத்து 'ற்': மேற்கதுவாய் எதுகை. 'கற்க – நிற்க' அடி எதுகை. இதுவரை சொன்னது கணக்கு.

இனி நயத்துக்கு வருவோம். வல்லின எழுத்துகள் அடுக்கடுக்காக மோதும் இந்த அடியை வேகமாகப் படிக்க முடியாது. ஒவ்வொரு சீரிலும் நாக்கு நின்று நின்று போகிறது. கசடு இல்லாமல், பிழையில்லாமல் கற்க வேண்டும் என்ற கருத்தை நிதானமில்லாமல் உச்சரிக்கவே விடாத அடி இது. 'கற்க', 'நிற்க' என்ற இரண்டு கட்டளைகளும் இரண்டு அடிகளின் தலையில் ஒரே ஓசையோடு நிற்கின்றன. கற்றலும் அதன்படி நிற்றலும் ஒரே எடை உள்ளவை என்பதைக் காது முதலில் கேட்டுவிடுகிறது, கருத்து பின்னால் வந்து சேர்கிறது. எதுகை என்ன செய்தது என்று எழுதச் சொன்னால் இதைத்தான் எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஓசைக்குப் பொருள் கற்பிக்கும்போது அளவு மீறக்கூடாது. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று தொடங்கும், மழையைப் பற்றிய 12ஆம் குறளில் 'ப்பா' 'ப்பா' என்று விழும் ஓசை எனக்கு மழைத்துளி விழுவது போலவே கேட்கிறது. வேறொரு காதுக்கு அப்படிக் கேட்காமல் போகலாம். இப்படிப்பட்ட இடங்களில் 'போல ஒலிக்கிறது' என்று எழுதுங்கள், 'மழையின் ஒலியே' என்று முடிவு கட்டாதீர்கள்.

இயைபு, முரண், அளபெடை ஆகிய மூன்றையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அடிகளின் இறுதி ஒன்றி வருவது இயைபு. சொல்லோ பொருளோ எதிரெதிராக நிற்பது முரண். மேலே 'நீந்துவர் நீந்தார்' என்று ஒரே அடியில் அருகருகே நிற்பதைப் பாருங்கள். ஓசை குறையும் இடத்தில் நெடிலை நீட்டி அதன் இனக்குறிலைப் பக்கத்தில் எழுதுவது அளபெடை; 12ஆம் குறளின் 'தூஉம்' அப்படிப்பட்டது. 'உ'வை விழுங்கிவிட்டுப் படித்தால் சீர் கெடும்.

தொடை நயம் முழு வீச்சில் இயங்குவதைக் காட்ட நான் எப்போதும் எடுப்பது கம்பரின் ஒரு பாட்டு. அயோத்தியா காண்டத்தில் இராமன் காட்டுக்குப் போகும் காட்சி.

வெய்யோன் ஒளி தன் மேனியின் விரிசோதியின் மறைய
பொய்யோ எனும் இடையாளொடும் இளையானொடும் போனான்
மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ
ஐயோ இவன் வடிவு என்பதோர் அழியா அழகுடையான்.

வெய்யோன், பொய்யோ, மையோ, ஐயோ: நான்கடிக்கும் ஒரே எதுகை. ('மை' என்பதை 'மய்' என்று ஒலித்துப் பார்த்தால் இந்த ஒற்றுமை விளங்கும்.) மூன்றாம் அடியில் மை, மரகதம், மறிகடல், மழைமுகில் என்று நான்கு சீரிலும் 'ம' மோனை. இனி அந்த நான்கு பொருள்களையும் வரிசையாகப் பாருங்கள். கண்ணுக்கு இடும் மை, கையில் அடங்கும் கல், கண்ணுக்கெட்டும் வரை விரியும் கடல், தலைக்கு மேல் வானத்தில் முகில். உவமை ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஓ' என்ற ஐயம். எதுவும் போதவில்லை. அடுத்த அடியின் தலையில் 'ஐயோ' என்று சொல்லே உடைந்துபோகிறது. எதுகைக்காக வந்து விழுந்த சொல்லைப் போலத் தோன்றும் அந்த 'ஐயோ'வில் வியப்பும் இருக்கிறது, இந்த அழகு காட்டுக்குப் போகிறதே என்ற துயரமும் இருக்கிறது. அங்கே ஓசையும் பொருளும் ஒரே சொல்லில் வந்து சந்திக்கின்றன.

படி 3: சீரையும் தளையையும் ஒருமுறை சரிபாருங்கள்

நயம் எழுத யாப்பு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. குறள் வெண்பாவை மட்டும் அலகிட, அதாவது சீர்களை நேர், நிரை என்ற அசைகளாகப் பிரிக்கத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேர்; இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால் நிரை; பின்னால் ஒற்று வந்தாலும் அப்படியே. முதலடியில் 4 சீர், இரண்டாமடியில் 3 சீர். நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடியும் ஈரசைச் சீர் விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். ஒரு சீரின் முடிவு அடுத்த சீரின் தொடக்கத்தோடு சேரும் முறையே தளை: மாவை அடுத்து நிரை, விளத்தை அடுத்து நேர், காயை அடுத்து நேர். 391ஆம் குறளை அலகிட்டால்: கற்க (தேமா), கசடறக் (கருவிளம்), கற்பவை (கூவிளம்), கற்றபின் (கூவிளம்), நிற்க (தேமா), அதற்குத் (புளிமா), தக (மலர்). தளை எங்கும் தட்டவில்லை. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக இருக்கும். 'சேரா தார்' என்று முடியும் குறளில் நாள், 'தக' மலர், 78ஆம் குறளின் 'தளிர்த் தற்று' என்பதன் 'தற்று' காசு, முதல் குறளின் 'உலகு' பிறப்பு.

படி 4: உவமையை நான்காகப் பிரியுங்கள், பிறகு 'ஏன் இது?' என்று கேளுங்கள்

உவமையில் நான்கு உறுப்புகள். எதைச் சொல்ல வந்தாரோ அது பொருள். எதைக் காட்டிச் சொல்கிறாரோ அது உவமை. இரண்டுக்கும் பொதுவானது பொதுத்தன்மை. இரண்டையும் இணைக்கும் சொல் உவம உருபு. போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று நன்னூல் உருபுகளைத் தொகுத்துத் தருகிறது.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை. (151)

நிலம் உவமை, இகழ்வாரைப் பொறுப்பவர் பொருள், பொறுத்தல் பொதுத்தன்மை, 'போல' உருபு. இந்தப் பிரிப்பு எல்லா உரைநூல்களிலும் கிடைக்கும். கிடைக்காத கேள்வி இது: நிலம் எல்லோரையும்தான் தாங்குகிறது, நடப்பவரைச் சொல்லாமல் வள்ளுவர் ஏன் அகழ்பவரைச் சொன்னார்? தன்னைத் தோண்டுபவன் தன் மேல்தான் நின்றுகொண்டு தோண்டுகிறான். அவன் காலை வழுக்கிவிடாமல் தாங்கிக்கொண்டே, அவன் மண்வெட்டியையும் நிலம் தாங்குகிறது. 'தாங்கும்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. இகழ்பவனைப் பொறுத்துக்கொள்வது மட்டும் போதாது, அவன் நிற்பதற்கு இடமும் கொடுப்பதுதான் தலையாய பொறுமை என்ற அளவுக்கு உவமை கருத்தை நகர்த்திவிட்டது. உவமையை எடுத்துவிட்டு 'இகழ்பவரைப் பொறுத்துக்கொள்' என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்த இரண்டாவது அடுக்கு கிடைத்திருக்காது.

உவமை எந்த அடிப்படையில் பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியம் நான்கு காட்டுகிறது: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒப்பா, விளைவால் ஒப்பா, வடிவத்தால் ஒப்பா, நிறத்தால் ஒப்பா? கடினமான உவமை எதிர்ப்படும்போது இந்த நான்கையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். சில நல்ல உவமைகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தும்.

உருபு வெளிப்படையாக இல்லாமல், உவமை ஒரு வாக்கியமாகவும் பொருள் ஒரு வாக்கியமாகவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது எடுத்துக்காட்டு உவமை. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு' (396). இதில் 'ஊறும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேணியில் நீரை யாரும் வெளியிலிருந்து ஊற்றுவதில்லை. உள்ளே இருப்பது தோண்டத் தோண்ட மேலே வருகிறது. கல்வியைப் பற்றி இதைவிடப் பெரிய நம்பிக்கையை ஒரு ஆசிரியர் மாணவருக்குத் தர முடியாது.

உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்கினால் இல்பொருள் உவமை. அன்பில்லாத வாழ்க்கை, வன்னிலத்தில் பட்டுப்போன மரம் தளிர்ப்பது போன்றது என்கிறது 78ஆம் குறள். நடக்காது என்பதை 'நடக்காது' என்ற சொல் இல்லாமலே சொல்லும் முறை இது.

படி 5: உருவகத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள்

'மதிமுகம்' என்றால் மதி போன்ற முகம், உவமைத்தொகை. 'முகமதி' என்றால் முகமாகிய மதி, உருவகம். சொல்லின் வரிசை மாறியதும் ஒப்புமை போய் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மலர்விழி, விழிமலர் என்ற இணையையும் இப்படியே பிரித்துப் பழகுங்கள்.

முதல் படியில் பார்த்த 10ஆம் குறளுக்குத் திரும்புவோம். பிறவி கடலாக உருவகம் செய்யப்பட்டிருக்கிறது. அப்படியானால் இறைவன் அடி தெப்பமாக உருவகம் செய்யப்பட்டிருக்க வேண்டும், செய்யவில்லை. ஒன்றை உருவகம் செய்து அதோடு தொடர்புடைய மற்றொன்றை விட்டுவிடுவது ஏகதேச உருவகம். இதைக் குறையாக எண்ணிவிடாதீர்கள். விட்ட இடத்தைப் படிப்பவர் தானே நிரப்புகிறார். 'நீந்துவர்' யார் என்பதைக்கூட வள்ளுவர் சொல்லவில்லை; அடி சேராதார் நீந்தார் என்றதிலிருந்து, சேர்ந்தார் நீந்துவர் என்பதை நாம்தான் எடுத்துக்கொள்கிறோம். ஏழு சீருக்குள் இவ்வளவு அடங்கியது இப்படி விட்டுவிட்டதால்தான்.

படி 6: சொல்லாமல் சொன்னதைத் தேடுங்கள்

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின். (475)

மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். அவ்வளவுதான் சொல்லப்பட்டது. பகைவரைப் பற்றியோ வலிமையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. உவமையை மட்டும் சொல்லிப் பொருளை முழுவதும் மறைத்துவிடுவதால் இது பிறிதுமொழிதல். மறைந்த பொருளுக்குச் சாவி அதிகாரத்தின் பெயரில் இருக்கிறது: வலியறிதல். தனித்தனியே எளியவர்கள்தானே என்று அலட்சியமாகப் பலரைப் பகைத்துக்கொள்ளாதே என்பது கருத்து. எடைக்குப் பெயர்போன எதையும் எடுக்காமல், எடையே இல்லாத மயிலிறகை எடுத்ததுதான் இங்கே கலை.

சங்கப் பாடல்களில் இதைவிட மென்மையான ஒரு முறை உண்டு, உள்ளுறை. பிறிதுமொழிதலைப் படித்தவுடன் வேறு பொருள் இருப்பது தெரிந்துவிடும். உள்ளுறையில் அது இயற்கை வருணனைக்குள் ஒளிந்திருக்கும். குறுந்தொகையின் 8ஆம் பாடல், ஆலங்குடி வங்கனார் பாடியது, இப்படித் தொடங்குகிறது:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்

வயலோர மாமரத்திலிருந்து முற்றித் தானே விழும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊரைச் சேர்ந்தவன். இவ்வளவுதான். ஆனால் பேசுபவள் யார்? தலைவனின் மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிச் சென்ற வேறொரு பெண். 'அவனை நான் வலை வீசிப் பிடிக்கவில்லை, தானே வந்து விழுந்தான்' என்று அவள் வெளிப்படையாகச் சொல்லவே இல்லை. மாம்பழமும் வாளையும் அவளுக்காகச் சொல்லிவிடுகின்றன. அதே பாட்டில், முன்னால் நிற்பவர் கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப் போல, தன் புதல்வனின் தாய்க்கு அவன் ஆடுகிறான் என்ற வெளிப்படையான உவமையும் வருகிறது. மறைத்துச் சொல்வது ஒன்று, முகத்தில் அறைவது ஒன்று. இரண்டையும் ஆறடிக்குள் வைத்திருக்கிறார் புலவர். ஆகவே சங்கப் பாட்டைத் தொடும் முன் 'யார், யாரிடம், எந்தச் சூழலில்' என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கூற்று தெரியாமல் உள்ளுறை கிடைக்காது.

புதிய கவிதைகளில் இந்த இடத்துக்குக் குறியீடும் படிமமும் வருகின்றன. பாரதியின் 'அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்' என்ற பாட்டில் ஒரு சிறு நெருப்பைக் காட்டுப் பொந்தில் வைக்கிறார், 'வெந்து தணிந்தது காடு'. அந்த நெருப்பு விடுதலை வேட்கை என்பவர்கள் உண்டு, ஞானம் என்பவர்கள் உண்டு. குறியீட்டுக்கு ஒரே விடைதான் உண்டென்று அடித்துச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் பொருளுக்குப் பாட்டில் சான்று காட்டினால் போதும்.

படிமம் என்பது கருத்தைக் காட்சியாக்கிக் கண்முன் நிறுத்துவது. ஒரு சிறு பயிற்சிக்காக எழுதிய வரிகள்:

விடுமுறைப் பள்ளியின் மணி
வாய்க்குள் நாக்கோடு
பேசாமல் தொங்குகிறது.

தனிமை என்ற சொல் எங்கும் இல்லை. மணிக்குள் தொங்கும் உலோகத் துண்டுக்கும் நாக்கு என்றுதான் பெயர். அந்தப் பெயரே மணியை ஆளாக்கிவிட்டது. நீங்களும் ஓர் உணர்ச்சியை எடுத்துக்கொண்டு, அதன் பெயரைச் சொல்லாமல் மூன்று வரி எழுதிப் பாருங்கள். பத்து விளக்கம் படிப்பதைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

படி 7: இயற்கை மேல் ஏற்றிய குறிப்பைக் கவனியுங்கள்

காற்றில் கொடி அசைவது இயல்பு. அந்த இயல்பின் மேல் கவிஞர் தம் எண்ணத்தை ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்ற அணி. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில் மேல் கொடிகள் அசைகின்றன.

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

'வராதே' என்று கைகாட்டி மறிக்கிறதாம் கொடி. கம்பராமாயணத்தில் இராமன் மிதிலைக்குள் நுழைகிறான். அங்கும் கொடிகள் அசைகின்றன. திருமகள் இங்கே வந்து பிறந்திருக்கிறாள் என்று, செழுமணிக் கொடிகளாகிய கைகளை நீட்டி 'ஒல்லை வா', விரைந்து வா, என்று நகரம் அழைக்கிறது.

அணி ஒன்று, அசையும் பொருள் ஒன்று, காற்றும் ஒன்றுதான். ஒரு கொடி கொலைக்களத்தின் வாசலில் அசைகிறது, மற்றொன்று மணவாசலில். இரண்டு விடைத்தாளிலும் 'தற்குறிப்பேற்ற அணி' என்று மட்டும் எழுதினால் இரண்டு பாட்டும் ஒரே பாட்டாகிவிடும். இளங்கோவடிகளின் கொடியில் இன்னொரு நுட்பமும் உண்டு. கதை தெரிந்த நமக்குத்தான் அந்த 'வாரல்' கேட்கிறது. கோவலனுக்கு அது வெறும் கொடி. எச்சரிக்கை அவன் கண்முன் அசைந்துகொண்டிருக்க, அவன் நடந்து உள்ளே போகிறான்.

படி 8: மற்ற அணிகள்

சில அணிகளை அடையாளம் காண்பது எளிது, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வந்த சொல்லே அதே பொருளில் மீண்டும் மீண்டும் வந்தால் சொற்பொருள் பின்வருநிலை. 'செல்வத்துள் செல்வஞ் செவிச்செல்வம்' என்ற 411ஆம் குறளில் 'செல்வம்' 5 முறை வருகிறது. சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் வந்தால் சொல் பின்வருநிலை. 'அன்பும் அறனும்' என்று வரிசையாக நிறுத்தி, 'பண்பும் பயனும்' என்று அதே வரிசையில் பொருத்தினால் நிரல்நிறை (45). அன்பு பண்பு, அறன் பயன் என்று வரிசை பிசகாமல் இணைக்க வேண்டும்.

ஒரு சொல் இரு பொருள் தருவது சிலேடை. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்தால்தான் தருமென்றால் பிரிமொழிச் சிலேடை. காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடையாகப் பாடிய வெண்பாவில் 'பிண்ணாக்கு' வருகிறது. எள்ளுக்கு அது ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கு, பாம்புக்கோ பிளந்த நாக்கு.

வஞ்சப்புகழ்ச்சியில் குரலைக் கேட்கத் தெரிய வேண்டும். கயவர் தேவர்களைப் போன்றவர்கள், அவர்களும் தாம் விரும்பியதையே செய்வதால், என்கிறது 1073ஆம் குறள். புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, 'இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன; அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்கிறார். புகழ்ந்தது போல் இகழ்ச்சி, இகழ்ந்தது போல் புகழ்ச்சி, இரண்டும் ஒரே பாட்டில்.

படி 9: விடையை எழுதுங்கள்

மூன்று வாக்கியம் போதும். முதல் வாக்கியத்தில் அணியின் பெயரும் அது வரும் இடமும். இரண்டாவதில் அது எப்படி இயங்குகிறது. மூன்றாவதில் அதனால் பாட்டுக்கு என்ன கிடைத்தது. மூன்றாவது வாக்கியத்தில் பாட்டிலிருந்தே ஒரு சொல்லை மேற்கோளாகக் காட்டுங்கள். 'சிறப்பாக உள்ளது', 'அழகாகக் கூறியுள்ளார்' என்ற தொடர்களை எழுதத் தோன்றினால் அங்கே நிறுத்தி, எந்தச் சொல் அழகு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

129ஆம் குறளை இப்படி எழுதலாம்:

"'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு' என்பதில் வேற்றுமையணி வந்துள்ளது. சுடுவதில் தீயையும் நாவையும் முதலில் ஒன்றாக்கி, பிறகு ஒன்று ஆறும், மற்றொன்று ஆறாது என்று பிரிக்கிறார். தீ சுட்டதைப் 'புண்' என்றவர் நா சுட்டதை 'வடு' என்கிறார். புண் ஆறக்கூடியது, வடுவோ நிலைத்துவிட்டது என்பதால், ஆறாமை அந்தப் பெயரிலேயே இடம்பெற்றுவிடுகிறது."

படி 10: ஒரு முழுப் பாட்டில் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்

குறுந்தொகை 40. பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, அவருடைய உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது: செம்புலப்பெயனீரார்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

காதிலிருந்து தொடங்குங்கள். 'யாயும் – யாரா', 'எந்தையும் – எம்முறை' என்று முதல் இரண்டு அடிகளிலும் மோனை. 'எந்தையும் நுந்தையும்' எதுகை. முதல் மூன்றடியும் ஒரே அச்சில் வார்த்தவை: உம், உம், பிறகு ஒரு கேள்வி. நான்காம் அடி சட்டென்று குறுகுகிறது. கேள்விகள் நின்றுபோகின்றன.

அடுத்து கூற்று. பேசுபவன் தலைவன். கேட்பவள், இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவி. அந்த அச்சத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உவமைக்கு வாருங்கள். மழை நீர் செம்மண்ணில் விழுகிறது. தொல்காப்பியத்தின் நான்கையும் வைத்துப் பார்த்தால் வினையும் உருவும் பொருந்துகின்றன: கலத்தல், நிறம் மாறுதல். நிறமற்று வந்த நீர், விழுந்த இடத்தின் நிறத்தையே தன் நிறமாக்கிக்கொண்டது. அஞ்சியவளிடம் 'பிரியமாட்டேன்' என்று அவன் சொல்லவில்லை; செம்மண்ணில் கலந்த நீரைக் காட்டுகிறான்.

கடைசியாகச் சொற்களை எண்ணுங்கள். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. பிறகு யான், நீ. முதல் மூன்றடியும் எனது, உனது என்று பிரித்துக்கொண்டே வருகின்றன. ஐந்தாம் அடியில் நெஞ்சம் வருகிறது. 'என்' நெஞ்சமும் 'நின்' நெஞ்சமும் என்று அங்கே அவன் பிரிக்கவில்லை.